மெட்ராஸ் நேரம்

சிறுகோள் ஒன்று பூமியை ஒட்டிக் கடக்கப்போகிறது, எட்டரைக்கு மேற்கே பாருங்கள் என்று மெட்ராஸ் நண்பர்கள் அட்டவணை அனுப்பியிருந்தார்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாது, ஃபிலிமில்தான் விழும். குமாஸ்தா திருநாவுக்கரசு தீவின் லம்பா லைன் மேட்டில் தொலைநோக்கியோடு கேமராவைப் பூட்டி நின்றார். இருந்தது ஒரே சுருள். அதற்கே மெட்ராஸிலிருந்து மூன்று கப்பல் வரும்வரை காத்திருந்தார்.

"பாய், டைம் ஆயிருச்சா?"

"ஆச்சு, ஓட்டுங்க" என்றார் ஜவுளிக்கடை ஜெய்னுலாப்தீன். நேரம் பார்ப்பது அவர் பொறுப்பு.

பாதிச் சுருள் ஓடியபோதுதான் ஜெய்னுலாப்தீனுக்கு உறைத்தது. கடிகாரம் ஒன்றுதான் என்றாலும், மெட்ராஸைவிட கிழக்கே இருக்கும் இந்தத் தீவில் பொழுது முக்கால் மணி நேரம் முந்தியே சாய்ந்துவிடும். மெட்ராஸ் தொழுகை அட்டவணையில் அந்த முக்கால் மணியைக் கழித்து, மாதாமாதம் பள்ளிவாசலில் எழுதி ஒட்டுகிறவரே அவர்தான். இந்தப் பாழாய்ப்போன அட்டவணையில் கழிக்கத் தோன்றவில்லை. சிறுகோள் எப்போதோ கீழே இறங்கியிருக்கும். கடிகாரத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

சுருள் தீர்ந்தது. திருநாவுக்கரசு அதைக் குழந்தையைப்போல் துண்டில் பொதிந்தார்.

"அடுத்த ஜஹாஜ்ல மெட்ராஸுக்குக் கழுவ அனுப்பிருவேன் பாய். டப்பா மேல உங்க பேரும் போட்டுட்டேன். நேரம் பார்த்தவர் ஜெய்னுலாப்தீன்னு."