உட்கார்ந்தபடியே ஏறிய கரடு

சோமனூரில் பதினாறு தறி போட்டிருக்கும் சுரேந்தருக்கு உயரம் என்றால் ஆகாது. முப்பத்தெட்டு வயதுவரை இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. கல்யாண மண்டபத்தில் மாடியில் பந்தி என்றால் சுவரோரமாகவே நடந்து போய், சுவரோரமாகவே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவான். கோயமுத்தூரில் கண்ணாடி லிஃப்டில் ஏற நேர்ந்தால் செல்போனை எடுத்து எதையாவது தேடிக்கொண்டே நிற்பான். மனைவி மோகனப்பிரியாவுக்குக்கூடத் தெரியாது என்றுதான் கல்யாணமான பத்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தான்.

அப்படிப்பட்டவன் கூடாரம் வாங்கினான் என்றால் அது மகனுக்காக. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மிதுன் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்துகொண்டு, “தறிச் சத்தமே கேக்காத எடத்துல ஒரு நாளாச்சும் தூங்கோணுங்கப்பா” என்று சொல்லிவிட்டான். வீட்டை ஒட்டியே தறிப்பட்டறை. அந்தச் சத்தத்தில் பிறந்து, அந்தச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளை. சுரேந்தருக்கு மனசு கேட்கவில்லை. நாலு பேர் படுக்கிற மாதிரி ஒரு கூடாரம் வாங்கினான். சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம் வாழைத் தோட்டம் வைத்திருக்கும் கல்லூரித் தோழன் திருமூர்த்திக்குப் போன் போட்டான்.

திருமூர்த்தியின் தோட்டத்துக்குப் பின்னால் வெண்மணிக் கரடு. கரடு என்றால் பெரிய மலையில்லை. ஆடு மேய்க்கிறவர்கள் காலையில் ஏறிப் பொழுதோடு இறங்குகிற உயரம்தான். கார்த்திகைக்கு ஊரே ஏறிப்போய் உச்சியில் விளக்கு வைக்கும். ஆனால் முக்கால் தூரத்தில் சாய்ப்பாறை என்று ஒன்று இருக்கிறது. வெறும் மொட்டைப் பாறை. கால் வைக்க எந்தக் காலத்திலோ வெட்டிய நாற்பது குழிகள். பிடித்துக்கொள்ளக் கம்பியோ கயிறோ கிடையாது.

போன வருடம் பொங்கல் லீவில் குடும்பத்தோடு அங்கே போனார்கள். சாய்ப்பாறையின் அடிவாரம்வரை ஏறியாயிற்று. பாறையைச் சுரேந்தர் ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான்.

“மேகம் கட்டுது. மழை வந்தா பாறை வழுக்கிப்போடும். திரும்பீரலாம்” என்றான்.

திரும்பிவிட்டார்கள். அன்றைக்கு ஒரு சொட்டு மழை விழவில்லை. ஊர் திரும்பும்போது காரின் பின் சீட்டில் மிதுன் கண்ணாடி வழியாக வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். ஒன்றும் கேட்கவில்லை. ஏதாவது கேட்டுச் சண்டை போட்டிருந்தால்கூடச் சுரேந்தர் மறந்திருப்பான். அந்தப் பிள்ளை கேட்காமல் இருந்ததுதான் வருடம் முழுக்க அவனை அரித்தது.

இந்த வருடம் பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மிதுன் வந்து நின்றான்.

“மழை வராதுங்கப்பா. அம்மா போன்ல பாத்துட்டேன். மூணு நாளும் வெயிலுதான் போட்டிருக்குது.”

“போலாம் கண்ணு” என்றான் சுரேந்தர். அன்றிலிருந்து கிளம்புகிற நாள்வரை அவனுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

தோட்டத்தில் களத்துமேட்டை ஒட்டிக் கூடாரம் போட்டார்கள். குச்சிகளை எப்படிக் கோர்ப்பது என்று மிதுன் படம் பார்த்துப் பார்த்துச் சொன்னான். ஐந்து வயதுக் கவிநயா ஒவ்வொரு முளையையும் கல்லால் தட்டிவிட்டு, “இது நான் அடிச்சது” என்று எல்லாருக்கும் காட்டினாள். மூன்று கல் கூட்டி மோகனப்பிரியா அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினாள். வீட்டில் இரண்டு வாய்க்கு மேல் ஊட்ட முடியாத கவிநயா, தட்டை வழித்துவிட்டு இன்னும் கேட்டாள்.

திருமூர்த்தி வந்து வேலியை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். “பொழுது எறங்குனா கரண்டு வேலியத் தாண்டி யாரும் போகக்கூடாது. ஆனை வந்தா வரட்டும், போனா போகட்டும். நாம பாக்கப் போற வேலை வேண்டாம்” என்று பிள்ளைகளிடம் சொன்னான். “காத்தால வெளிச்சம் வந்ததும் நானே கூட வாரேன். போன வருசமாட்டப் பாதியில திரும்பக்கூடாது, என்ன?”

சுரேந்தர் சிரித்து வைத்தான்.

மறுநாள் காலை நன்றாக விடிந்த பிறகு கிளம்பினார்கள். முன்னால் திருமூர்த்தியும் மிதுனும். நடுவில் மோகனப்பிரியாவும் கவிநயாவும். பையைச் சுமந்துகொண்டு கடைசியில் சுரேந்தர். வழி நெடுக உன்னிச்செடிப் புதர். ஒரு திருப்பத்தில் மூச்சு வாங்கிய மகளைத் தூக்கிக்கொள்ள அவன் குனிந்தான். அவள் இரண்டடி விலகிப் போய்விட்டாள்.

“தூக்கக் கூடாதுங்கப்பா. தூக்குனா நான் ஏறுனதா ஆகாது.”

“சரிங்க அம்மணி” என்று அவன் நிமிர்ந்தபோது மரங்களுக்கு மேல் சாய்ப்பாறை தெரிந்தது. போன வருடம் பார்த்ததைவிடச் செங்குத்தாகத் தெரிந்தது. வானத்தைப் பார்த்தான். துடைத்து வைத்த மாதிரி நீலம்.

திருமூர்த்தி மிதுனைத் தனக்கு முன்னால் ஏறவிட்டுப் பின்னால் அணைவாக ஏறினான். மோகனப்பிரியாவும் அதேபோல மகளை முன்னே விட்டாள். கவிநயா குழி குழியாக எண்ணிக்கொண்டு கையும் காலுமாகப் போனாள். சுரேந்தர் ஏறத் தொடங்கினான். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து. பரவாயில்லை என்று தோன்றியது. பதினெட்டாவது குழியில் கால் வைத்தபோது தோளில் இருந்த பை சற்றே சரிந்தது. அதைச் சரிசெய்யத் திரும்பினான். திரும்பியவன் கீழே பார்த்துவிட்டான்.

வந்த வழி நூலாகத் தெரிந்தது. பாறையே தன்னை வெளியே தள்ளுகிற மாதிரி இருந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே திரும்பிப் பாறையோடு முதுகை ஒட்டி உட்கார்ந்துவிட்டான்.

மேலே மற்ற நால்வரும் பாறையைக் கடந்து சமதளத்துக்குப் போய்விட்டார்கள்.

“அப்பா! ஏனுங்கப்பா உக்காந்துட்டீங்க?” மிதுனின் குரல்.

“என்னாச்சு சுரேந்தரு?” திருமூர்த்தியின் குரல்.

கால் சுளுக்கிக்கொண்டது என்று சொல்லிவிடலாம். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். திருமூர்த்தி இறங்கி வந்து தோள் கொடுப்பான். மெல்லக் கீழே போய்விடலாம். மிதுன் மறுபடியும் ஒன்றும் கேட்க மாட்டான். காரில் ஏறி வழியெல்லாம் அப்பாவின் காலையே பார்த்துக்கொண்டு வருவான்.

சுரேந்தர் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தான்.

“பயமா இருக்குது கண்ணு” என்றான். சத்தம் வெளியே வரவில்லை. மறுபடி உரக்கச் சொன்னான். “அப்பனுக்குப் பயமா இருக்குது. போன வருசமும் பயந்துதான் திரும்புனேன். மழையெல்லாம் இல்ல. பொய் சொல்லிப்போட்டேன்.”

உலகத்திலேயே தன்னைப்போல் மானம் கெட்டவன் இல்லை என்று அந்த ஒரு நிமிஷம் அவன் நினைத்தான்.

பிறகு பக்கத்தில் துணி உரசும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தான். பிள்ளைகளைத் திருமூர்த்தியிடம் விட்டுவிட்டு மோகனப்பிரியா இறங்கி வந்து, அவனுக்கு மேல் குழியில் காலை ஊன்றிச் சற்றே ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள்.

“போன வருசமே எனக்குத் தெரியுமுங்க” என்றாள்.

“தெரியுமா?”

“கல்யாணமாகி மூணாம் மாசம் ஊட்டிக்குப் போனமே, பஸ்ஸுல சன்னல் சீட்ட எனக்குக் குடுத்துப்போட்டுக் கொண்டை ஊசி வளைவு பூராக் கண்ண மூடிக்கிட்டே வந்தீங்க. அன்னைக்கே தெரியும்.”

“அப்பறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?”

“நீங்களாச் சொல்லோணும்னு இருந்தேன். சொல்லீட்டீங்கல்ல, பையக் கழட்டுங்க. நான் எடுத்துக்கறேன்.”

பையை வாங்கி மாட்டிக்கொண்டாள். “எறங்கறதானாலும் சரி, ஏறறதானாலும் சரி, நான் கூடத்தான் இருப்பேன். எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

அவன் பதில் சொல்வதற்குள் மேலிருந்து மிதுன் கத்தினான். பாறையின் விளிம்பில் குப்புறப் படுத்து முகத்தை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தான். அவன் கால்களைத் திருமூர்த்தி இறுகப் பிடித்திருந்தான்.

“அப்பா! கெணத்துல எனக்கு நீச்சல் சொல்லிக் குடுத்தீங்கல்ல? தண்ணியப் பாக்காத, எம்மூஞ்சியப் பாருன்னு சொன்னீங்கல்ல? அதேமாதரங்கப்பா! கீழ பாக்காதீங்க. எம்மூஞ்சியப் பாருங்க!”

அவனுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன முகம் முளைத்தது.

“உக்காந்துக்கிட்டே வாங்கப்பா!” என்றாள் கவிநயா. “அது ஒண்ணும் தப்பில்ல!”

சுரேந்தருக்குச் சிரிப்பு வந்தது. இந்த இடத்தில், இந்த நிலைமையில் சிரிப்பு வரும் என்று அவன் நினைத்ததேயில்லை. சிரித்ததில் நெஞ்சு கொஞ்சம் இளகியது. கழுத்தைப் பின்னால் வளைத்து மகனின் முகத்தைப் பார்த்தான். தலைகீழாகத் தெரிந்தது. முன்பல் விழுந்த இடம்கூடத் தெரிந்தது. அந்த ஓட்டையில் கண்ணை நிறுத்திக்கொண்டு, இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, குதிகாலால் உந்தி ஒரு குழி மேலே போய் உட்கார்ந்தான்.

“பத்தொம்பது!” என்று கத்தினாள் கவிநயா.

அடுத்ததற்கு வெகுநேரம் பிடித்தது. மோகனப்பிரியா அவசரப்படுத்தவில்லை. கையைப் பிடித்தும் இழுக்கவில்லை. அவன் ஒரு குழி ஏறினால் அவளும் ஒரு குழி ஏறினாள், அவ்வளவுதான். இருபது. இருபத்தொன்று. இருபத்தாறில் மறுபடி நகர முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து நூறுவரை எண்ணினான். இடுப்புக்குக் கீழே பாறை அரத்தைப்போல உரசியது. ஏதோ கிழிகிற சத்தம் கேட்டது. என்னவென்று பார்க்க அவன் குனியவில்லை. முப்பது. முப்பத்தைந்து. பிள்ளைகள் இரண்டும் இப்போது ஒட்டுக்காக ஒரே குரலில் எண்ணின, திருமூர்த்தியும் சேர்ந்துகொண்டான். மூன்று குரலும் எதிரே இருந்த மலையில் பட்டுத் திரும்பி வந்தன.

“முப்பத்தொம்பது! நாப்பது!”

கைக்குப் புல் தட்டுப்பட்டது. சுரேந்தர் அப்படியே மல்லாந்து விழுந்தான். கவிநயா வந்து அவன் வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மிதுன் பக்கத்தில் மண்டியிட்டு அப்பாவின் முகத்தையே பார்த்தான். பையனின் கண் கலங்கியிருந்தது.

“நான் கெணத்துல எறங்கறதுக்கு நாலு நாள் ஆச்சுங்கப்பா. நீங்க ஒரே நாள்ல ஏறிப்போட்டீங்க” என்றான்.

சுரேந்தர் மகனின் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

அங்கிருந்து உச்சிக்குப் பத்து நிமிஷ நடைதான். விளக்கு வைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஐந்து பேரும் நின்றார்கள். தெற்கே பவானி ஆறு வெயிலில் மின்னிக்கொண்டு கிடந்தது. அதன் இரண்டு கரையிலும் வாழையும் மஞ்சளும் கரும்பும் கட்டம் கட்டமாக விரிந்திருந்தன. வடக்கே காட்டு மலைகள் ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கி வைத்த மாதிரி போய்க்கொண்டே இருந்தன. சுரேந்தர் ஓரத்துக்குப் போகவில்லை. கல்லை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நின்றான். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு நின்றான். பார்க்கப் பார்க்கத் தீரவில்லை. இத்தனையும் இத்தனை நாளாக இங்கேயே இருந்ததா என்றிருந்தது.

மோகனப்பிரியா இரண்டு கையையும் வாயில் குவித்து “ஓஓஓ!” என்று கூவினாள். வீட்டில் அவள் உரக்கப் பேசியே பிள்ளைகள் கேட்டதில்லை. முதலில் திகைத்துப் பிறகு அவர்களும் கூவினார்கள். சுரேந்தரும் கூவினான். அவன் கூவியதுதான் ரொம்ப தூரம் போயிற்று என்று கவிநயா தீர்ப்புச் சொன்னாள்.

இறங்கும்போது அவனே முதலில் சாய்ப்பாறையில் உட்கார்ந்தான். இந்தமுறை யாரும் எண்ணவில்லை. பயம் போய்விட்டதா என்றால் இல்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. அது பாட்டுக்கு அடிக்கட்டும் என்று குழி குழியாக நகர்ந்தான். நடந்தே இறங்கியிருக்கக்கூடிய மற்ற நான்கு பேரும் அவனுக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, ஒருவர் பின் ஒருவராகத் தேய்த்துக்கொண்டே வந்தார்கள். திருமூர்த்தி, “எம்பட வேட்டி போச்சு சாமி” என்று சிரித்தான்.

அடிவாரத்தில் கனகம் என்ற அம்மா ஆடுகளை மேலே ஓட்டிக்கொண்டு வந்தார். எதிரே வந்த கூட்டத்தைக் கண்டு நின்றார். சுரேந்தரின் பேண்ட் பின்பக்கம் இரண்டு கையகலத்துக்குக் கிழிந்து தொங்கியது. மோகனப்பிரியா பையில் இருந்து துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொல்லி நீட்டினாள். அவன் வேண்டாம் என்று தலையசைத்தான்.

“ஏனுங்க தம்பி, உளுந்துபோட்டீங்களா?” என்று கேட்டார் கனகம்.

“இல்லீங்க” என்றான் சுரேந்தர், தோட்டத்தில் இருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி. “எனக்கு ஒசரம்னாப் பயமுங்க. உக்காந்துக்கிட்டே ஏறுனேன். உச்சி வரைக்கும் ஏறிப்போட்டேன்!”