வந்த சரக்கு

ஆடி பிறந்ததும் அடி அண்ணாமலை கிராமத்து விதைக் கிடங்கின் கரும்பலகையில், ‘விதைக்கடலை இருப்பு: அறுபது மூட்டை’ என்று எழுதியிருந்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஆதிலட்சுமி தம்பி அர்ஜுனனைக் கூப்பிட்டனுப்பினாள். அவன் எடுத்து வைத்திருந்த விதையில் வண்டு விழுந்திருந்தது. தன் வீட்டு விதையை மூட்டையோடு அவன் தலையில் ஏற்றிவிட்டாள்.

“நமக்கு?” என்றான் அவள் கணவன் தருமன்.

“கிடங்குல மல்லாட்ட வெத வந்து எறங்கியிருக்குது. மழ பேஞ்சதும் வாங்கிக்கலாம்.”

“இந்த வருசம் நெலம் சும்மா கெடந்தா, நான் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போறவன்தான். பாத்துக்க.”

மழை நன்றாகவே பெய்தது. விடிந்ததும் கோணிப்பையோடு கிடங்குக்கு ஓடினாள். கிடங்குக்காரன் சகாதேவன் கதவருகே நின்றான். அவன் முதுகுக்குப் பின்னால் மூட்டைகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன.

“இப்ப குடுக்க முடியாதுக்கா. முளைப்பு பாக்க சாம்பிள் போயிருக்குது. பாஸாகி வரணும்.”

“கண்ணெதிர்ல கெடக்குதே.”

“கெடக்குது. அது பாக்கறதுக்கு.”

“அப்ப போர்டுல இருக்குதுன்னு ஏன் எழுதின?”

“வந்த சரக்க எழுதினேன்க்கா. குடுக்கலாம்னு எழுதலியே.”

தினமும் போனாள். “சகாதேவனுக்கு நீ கூடப்பொறந்தவளா, கொழுந்தியாளா?” என்று வழியில் கேலி பேசினார்கள். சுற்றியிருந்த நிலமெல்லாம் விதைத்து முடிந்தது. அவள் நிலத்தில் மட்டும் ஈரம் வெளுத்து, மண் பொருக்கு விட்டது.

கடைசியில் அவள் கேட்பதற்கு முன்பே சகாதேவன் சொன்னான். “பாதிகூட முளைக்கலியாம். திருப்பி அனுப்பச் சொல்லிட்டாங்க.”

சண்டை போடத்தான் வந்திருந்தாள். அவன் அன்றைக்கே கொடுத்திருந்தாலும் மண்ணுக்குள் மட்கித்தான் போயிருக்கும். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கோணிப்பையை மடித்து இடுக்கிக்கொண்டு திரும்பினாள்.

தருமன் இரண்டு வேட்டியைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினான். அவன் ஒரு வார்த்தை திட்டிவிட்டாவது போயிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

அந்த மாதமே தம்பி நிலத்தில் களை வெட்டக் கூலிக்குப் போனாள். கடலை மஞ்சளாகப் பூத்திருந்தது.

“ஒண்ணுகூட பழுது இல்லக்கா,” என்றான் அர்ஜுனன், சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல். “எல்லாமே முளைச்சிடுச்சு.”

“தெரியும்டா. நான் பொறுக்கி வச்ச வெத,” என்றாள் ஆதிலட்சுமி. களைக்கொத்து வேரில் பட்டுவிடாதபடி, ஒவ்வொரு செடியையும் கையால் ஒதுக்கி ஒதுக்கிக் கொத்தினாள்.