இருபது மெத்தையும் ஒரு கோணூசியும்

இந்தக் கதையை யார் சொன்னாலும் மெத்தையின் மேலே படுத்தவளிடமிருந்துதான் தொடங்குவார்கள். மெத்தையைத் தைத்தவளைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். இருபது மெத்தை என்ன, வானத்திலிருந்தா விழுந்தது? ஒருத்தி உட்கார்ந்து பஞ்சடித்து, உறைக்குள் திணித்து, விரல் மரத்துப்போகத் தைத்தாள். அவளை அரண்மனையில் மெத்தைக்காரி என்று கூப்பிட்டார்கள். நானும் அவளை வைத்துத்தான் சொல்லப்போகிறேன். பிடிக்காதவர்கள் எழுந்து போகலாம்.

அந்த இருபது மெத்தையும் தூங்குவதற்காக இல்லை, இளவரசனுக்குப் பெண் தேடுவதற்காக. எல்லாம் ராணியம்மாவின் ஏற்பாடு. கட்டில் பலகையில் ஒரே ஒரு காய்ந்த பட்டாணி. அதன்மேல் இருபது மெத்தை. அதன் உச்சியில் வருகிற பெண். காலையில் "முதுகு வலிக்குது" என்று சொல்பவள்தான் அசல் ராஜகுமாரி, மருமகள். "நல்லா தூங்கினேன்" என்றால் தொலைந்தாள். "தடிச்ச தோலு" என்று நாலு பேர் காதுபட சொல்லி வாசலைக் காட்டிவிடுவார் ராணியம்மா.

இதுவரை பதினோரு பெண்கள் வந்தார்கள். பதினோரு பேரும் நன்றாகத்தான் தூங்கினார்கள். தூங்காமல் என்ன செய்வார்கள், மெத்தைக்காரியின் கைவேலை அப்படி! ஒவ்வொருத்தியும் முகம் சிவந்து, தலை குனிந்து படியிறங்கிப் போவதை அவள் தையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் ராணியம்மாவிடம் போய்க் கேட்டுவிடலாமா என்று நினைத்தாள். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. தையலறைக்குப் பின்னாலிருந்த சின்ன அறைதான் அவளுக்கு வீடு. வேலை போனால் அதுவும் போய்விடும்.

பன்னிரண்டாவதாக வந்தவள் கல்யாணத்துக்காக வரவே இல்லை. ஆற்றில் பாலம் கட்ட இடம் அளக்க வந்தவள் அவள். தோளில் அளவுச் சங்கிலி, கக்கத்தில் வரைபடச் சுருள், முழங்கால் வரைக்கும் சேறு. மழை பிடித்துக்கொண்டதால் ஒதுங்க இடம் கேட்டாள். யார் வீட்டுப் பெண் என்று விசாரித்தார்கள். பக்கத்து நாட்டு ராஜாவின் கடைசி மகள் என்றாள். அவ்வளவுதான், ராணியம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அன்றைக்குப் பார்த்து மேல் மெத்தை பிரிந்து தையலுக்கு வந்திருந்தது.

"இன்னும் நாலு தையல் பாக்கி இருக்கு ராணியம்மா."

"கிடக்கட்டும், குடுடி!" என்று ராணியம்மா ஆள் வைத்துப் பிடுங்கிக்கொண்டு போனார்.

மெத்தை தைக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தைக்கிற கோணூசி சாண் நீளம் இருக்கும். பஞ்சுக்குள் போய்விட்டால் வெளியே தெரியாது. அதனால் ஊசிகளை எண்ணிப் பலகையில் குத்தாமல் மெத்தையைக் கையைவிட்டு அனுப்பமாட்டார்கள். அன்று எண்ணவில்லை. மறுநாள் காலை பலகையைப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. ஐந்து ஊசி இருக்கவேண்டிய இடத்தில் நாலுதான் இருந்தது.

"ஐயோ, என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

அங்கே ஒரே கொண்டாட்டம். அந்தப் பெண் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு வளைந்து நின்றாள். சட்டையின் முதுகில் நீளமாக ரத்தக்கோடு. ராணியம்மா அவள் கன்னத்தை வழித்து, "எங்க வலிக்குது கண்ணு? எல்லாரும் கேக்கறமாதிரி இன்னொரு தடவை சொல்லு!" என்று கொஞ்சினார். இளவரசன் கைதட்டினான். பட்டாணி எப்படிக் கீறும் என்று கேட்க அங்கே ஒருத்தருக்கும் மூளை இல்லை.

"வலிக்குதுன்னுதானே சொன்னேன், இதுல சந்தோஷப்பட என்ன இருக்கு?" என்றாள் அந்தப் பெண். "என் சங்கிலியக் குடுங்க. வெள்ளம் வடியறதுக்குள்ள ஆத்தை அளக்கணும்."

"ஆறாவது குளமாவது!" என்றார் ராணியம்மா. "முதுகு வலிச்சாச்சு, கல்யாணம் முடிவாச்சு. வாசலைப் பூட்டியாச்சு. உங்க அப்பாவுக்குக் கடிதமும் எழுதியாச்சு."

"நான் சம்மதம்னு சொல்லலையே?"

"உன்னை யாரு கேட்டா?" என்று சிரித்தான் இளவரசன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பெண்ணிடம் கேட்கவேண்டும் என்பதே அந்த மகராசனுக்குத் தெரியாது. எனக்கு அதைவிடக் கோபம் வேறெதிலும் இல்லை.

மெத்தைக்காரி அந்த மாடியறை வாசற்படியில் நின்றாள். வாயைத் திறந்தால் வேலையும் அறையும் போகும். மூடிக்கொண்டால் இந்தப் பெண் ஆயுசுக்கும் இந்த வீட்டில் கிடப்பாள். அதுவும் தன் ஊசியால்.

"பட்டாணி இல்ல, ஊசி!" என்று கத்தினாள்.

கட்டிலில் சாய்த்திருந்த ஏணியில் விறுவிறுவென்று ஏறி, மேல் மெத்தையின் தையலைப் பிரித்து, கோணூசியை உருவி எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறமாதிரி பிடித்தாள்.

"மன்னிச்சுக்கோம்மா, எண்ணாம விட்டது என் தப்பு," என்றாள் அந்தப் பெண்ணிடம். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. அந்தப் பொண்ணு முதுகுல ரத்தம் வழியுது. இத்தனை பேரு நிக்கறீங்க. ஒருத்தருக்காவது மருந்து போடணும்னு தோணுச்சா?"

ராணியம்மாதான் முதலில் சுதாரித்துக்கொண்டார்.

"ஊசின்னு வெளிய யாருக்குத் தெரியும்? வலிச்சுதுன்னு அவ வாயால சொல்லிட்டா, அது போதும். நீ பொத்திக்கிட்டு கீழ போ."

அந்தப் பெண் ராணியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களையும் இப்படித்தான் படுக்க வெச்சாங்களா?"

"பின்ன? இதே கட்டில்தான்."

"வலிச்சுதா?"

ராணியம்மாவின் முகம் மாறிப்போனது. "எங்க வலிச்சது! அடிச்சுப் போட்டமாதிரி தூங்கினேன். காலைல மாமியார் முகத்தைப் பார்த்தேன். உடனே ஐயோ முதுகுன்னு அழுதேன். இன்னிக்கு வரைக்கும் அழுதுகிட்டுதான் இருக்கேன். எனக்குப் பொய் சொல்லத் தெரிஞ்சுது. அந்தப் பதினோரு பேருக்கும் தெரியல. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

மெத்தைக்காரிக்கு ஒரு நொடி பாவமாகத்தான் இருந்தது. அடுத்த நொடியே உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"வலிக்காதுன்னு தெரிஞ்சேதான் துரத்தினீங்களா? தெரிஞ்சேதான் தடிச்ச தோலுன்னு சொன்னீங்களா?"

அதற்குள் இளவரசனுக்கு அவசரம்.

"அப்போ என் கல்யாணம்?"

"வாய் இருக்குல்ல தம்பி?" என்றாள் மெத்தைக்காரி. "கேளுங்க. அவகிட்டயே கேளுங்க."

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா தரையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அந்தப் பெண்ணிடம் போய், "என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?" என்று கேட்டான்.

"மாட்டேன்."

அவள் கத்தவில்லை, முறைக்கவில்லை. நேரம் கேட்டவனுக்கு மணி சொல்வதுபோலச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சுவரோரம் கிடந்த சங்கிலியை எடுத்து, வலிக்காத பக்கமாகத் தோளில் போட்டுக்கொண்டாள்.

ராணியம்மா இடுப்பிலிருந்த வாசல் சாவியை அவிழ்த்தார். சாவியை மெத்தைக்காரியிடம் நீட்டி, மெல்லக் கேட்டார்:

"அன்னிக்கு நானும் மாட்டேன்னு சொல்லியிருக்கலாமோடி?"

"சொல்லியிருக்கலாம்," என்றாள் மெத்தைக்காரி. "அப்போ பயம், சொல்லல. சரி, போகட்டும். நீங்க ராணியான பிறகுதான் பதினோரு பேரு வந்தாங்க. அவங்க வந்தப்போ உங்களுக்கு யாரைப் பார்த்து பயம்?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாகப் பிடித்துப் படியிறங்கினாள்.