அக்கா படம் போட்ட அட்டை

செல்போனில் ஒரு முயல் வந்து கையால் சைகை காட்டும். கீழே நான்கு படங்கள் இருக்கும். சரியான படத்தைத் தொட்டால் ஒரு நட்சத்திரம் விழும். என் தங்கை சுகுணாவுக்கு ஏழு வயது, காது கேட்காது. சைகை மொழி பழகட்டும் என்று இந்த விளையாட்டை அம்மாவின் போனில் ஏற்றிக் கொடுத்தவர் தெரசா டீச்சர். மாதம் ஒருமுறை காரிமங்கலத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். ஐம்பது சைகை தெரிந்துவிட்டால் ஜூன் மாதம் காது கேளாத பிள்ளைகளின் ஹாஸ்டல் பள்ளியில் சேர்க்க எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருடம் வீட்டில்தான்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். அம்மாவும் நானும் கூலிக்குப் புளி உடைத்துக் கொட்டை எடுக்கிறோம். கை பிசுபிசுவென்று இருப்பதால் நான் போனைத் தொடமாட்டேன். சுகுணா என் எதிரில் உட்கார்ந்து விளையாடுவாள், நான் எட்டிப் பார்த்துக்கொண்டே வேலை செய்வேன். இரண்டே மாதத்தில் ஐம்பத்திரண்டு நட்சத்திரங்கள். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை டீச்சர் வந்தார். போனை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, படம் போட்ட அட்டைகளைப் பாயில் பரப்பினார். தன் கையாலேயே சைகை காட்டினார். சுகுணா ஐந்து அட்டைகளைச் சரியாக எடுத்தாள்.

ஆறாவதில்தான் கவனித்தேன். டீச்சரின் கையை ஒரு நொடி பார்த்தவள், உடனே என்னைப் பார்த்தாள். என் கண் மரம் இருந்த அட்டைக்குப் போயிருந்தது. அவள் கையும் அங்கே போனது.

 எங்கள் வீட்டில் கைக்கு ஓய்வில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தின் பக்கம் முகவாயைத் தூக்குவேன். கோழியை விரட்ட வேண்டுமென்றால் புருவத்தை நெரிப்பேன். அவளும் என் முகத்தைப் பார்த்தே செய்துவிடுவாள். போனிலும் அப்படித்தான் தொட்டாளோ? அப்படியானால் அந்த ஐம்பத்திரண்டும் யாருடையது? அவளுக்கு எத்தனை தெரியும்? பாதியா? ஒன்றுமே தெரியாதா? சொன்னால் பள்ளி போய்விடும். சொல்லாவிட்டால், ஹாஸ்டலில் அவள் யார் முகத்தைப் பார்ப்பாள்?

டீச்சர் பள்ளிக்கான படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"இன்னொரு வாட்டி கேளுங்க டீச்சர்" என்றேன். அவரிடம் நானாகப் பேசியது அதுதான் முதல் முறை. புளிக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டேன்.

 பிறகு சின்ன விரல்கள் என் கையைப் பிடித்து இழுத்தன. விடாமல் மூடியிருந்தேன். நகத்தால் பிறாண்டி என் விரல்களைப் பிரித்துவிட்டாள்.

டீச்சர் காட்டியது 'அக்கா' என்ற சைகையாம். அக்கா படம் போட்ட அட்டை பாயிலேயே கிடந்தது. சுகுணா அதைத் தொடவில்லை.

"அக்கானு காட்டுனீங்க, அக்காகிட்டயே போயிடுச்சு. அப்போ சரிதானுங்களே?" என்றாள் அம்மா.

டீச்சர் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு கனிமொழி. சைகை தெரிஞ்சு வந்தாளா, உன் மூஞ்சியத் தேடி வந்தாளா?"

"தெரியலீங்க."

"வாய மூடிட்டு இருந்தா உனக்கு என்னாடி கொறஞ்சு போவுது?" என்றாள் அம்மா.

டீச்சர் பேனாவை மூடினார். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி வருவதாகவும், அதுவரை போன் வேண்டாம், நானே கையைக் கழுவிக்கொண்டு காட்ட வேண்டும் என்றும் சொன்னார். எனக்கே சரியாகத் தெரியுமா என்று சந்தேகமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

சுகுணா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். தோளைத் தொட்டால் தட்டிவிட்டாள். முகத்தை மூடிக்கொண்டதற்கா, தோற்றதற்கா? அதைக் கேட்கவும் எனக்குச் சைகை தெரியவில்லை. விளையாட்டில் சிங்கம் இருந்தது, ரயில் இருந்தது. இதெல்லாம் இல்லை.

ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டு ஓடினேன். எதிர்க்கடையில் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், கோவிச்சுக்காதேன்னு எப்படிங்க காட்றது?"

அவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கிக் காட்டினார். டீ குடித்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நடுத்தெருவில் நானும் கையைத் தூக்கினேன். தப்பாக வந்தது. மறுபடி காட்டினார்.