லாட்ஜ் ரூம் மாதிரி ஒரு வீடு

லாட்ஜில் ரூம் ஒழுங்கு பண்ணுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பத்துப் பேர் கும்மாளம் போட்டுவிட்டுப் போன அறையாக இருக்கட்டும், அரை மணி நேரம் அவன் கையில் விடுங்கள். இங்கே மனுஷனே தங்கினதில்லை என்று சத்தியம் பண்ணுவீர்கள். பதினாறு வருஷத் தொழில். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அன்றைக்கு அவன் குடும்பத்துக்கே உலை வைக்கப் பார்த்தது.

விஷயம் இதுதான். ஊர் மளமளவென்று வளர்ந்துவிட்டது. லாட்ஜ், ஆஸ்பத்திரி, பெரிய பெரிய கடைகள் எல்லாம் வந்தாயிற்று. அங்கே உழைக்கிற ஜனங்களுக்குத்தான் குடியிருக்க இடமில்லை. ஒருவழியாக நகராட்சிக்குக் கண் திறந்து, வேலைக்குப் போகிறவர்களுக்கென்று குறைந்த வாடகையில் நாற்பத்தெட்டு வீடு கட்டியது. மனு போட்டதோ தொள்ளாயிரம் பேர். யாருக்கு நெருக்கடி அதிகமோ அவர்களுக்கே முதலில் என்று முடிவாகி, ஒரு அதிகாரியம்மா வீடு வீடாக வந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இவன் வீடு ஒரே அறை, மூலையில் அடுப்பு. இவன், ஆஸ்பத்திரி வார்டு கூட்டித் துடைக்கிற மனைவி, இரண்டு பெண், ஒரு பையன், மாமனார், மச்சான் என்று ஏழு உருப்படி. மனைவிக்கு இரண்டு வருஷமாக நைட் டியூட்டி. “உன் சூப்பர்வைசருக்கு மனசாட்சியே கிடையாதா?” என்று இவன் திட்டாத நாளில்லை. அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

அன்று இவன் வீட்டு முறை. பள்ளிக்கூடமும் லீவு. இவனும் லீவு போட்டான். பிள்ளைகளையும் மச்சானையும் மாமனாரோடு பார்க்குக்குத் துரத்தினான். மெத்தை, தலையணை, துணி மூட்டை எல்லாவற்றையும் எதிர்வீட்டுத் தையல்காரரிடம் கொண்டுபோய்த் திணித்தான். தரையைத் தேய் தேய் என்று தேய்த்தான். டியூட்டி முடிந்து வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்னங்க, நான் வீடு மாறி வந்துட்டேனா?”

“சும்மா இரு. குப்பையா கிடந்தா, புது வீட்டையும் இவன் நாசம் பண்ணிடுவான்னு நினைப்பாங்க. சுத்தமா இருக்கிறவனுக்குத்தான் நம்பிக் குடுப்பாங்க.”

பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை. அதிகாரியம்மா வந்துவிட்டார். உள்ளே ஒரு நடை நடந்தார். கையை வீசி நடக்க இடம் இருந்தது.

“ஏழு பேர்னு எழுதியிருக்கீங்க. ரெண்டு பேர் இருக்கிற வீடு மாதிரி இருக்கே?”

“எல்லாம் நம்ம கைவேலை மேடம்,” என்று இவன் பல்லைக் காட்டினான். அட அசடே!

அவர் எழுதத் தொடங்கினார். மனைவி எட்டிப் பார்த்தாள். ‘இடம் போதுமானது’ என்று இருந்தது. எதிர்வீட்டுக்கு ஓடினாள். மெத்தைகளை இழுத்து வந்து ஒவ்வொன்றாக விரித்தாள். இவனுக்கு மானம் போயிற்று.

“இது அப்பாவுக்கு, முட்டி மடங்காது, நீட்டித்தான் படுக்கணும். இது தம்பி, கால் அடுப்பு மேடைக்கு அடியில போயிடும். பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் இது ஒண்ணுதான். இது பையன். கதவோரம் இவர். இவர் படுத்துட்டா கதவைத் திறக்க முடியாது.”

மெத்தை விரிய விரிய அதிகாரியம்மா பின்னால் நகர்ந்து, கடைசியில் வாசலுக்கு வெளியே நின்றார். விரலை மடக்கி எண்ணினார்.

“ஆறு பேர் ஆச்சு. நீங்கம்மா?”

“எனக்கு நைட் டியூட்டி மேடம்.”

“சரி, லீவு நாள்ல?”

அவள் புருஷனைப் பார்க்காமல் சொன்னாள். “லீவு எடுக்கிறதில்ல. அப்பாவும் தம்பியும் வாடகை குடுக்க முடியாம இங்க வந்தப்ப, நானாத்தான் நைட் டியூட்டி கேட்டு வாங்கினேன். பகல்ல எல்லாரும் கிளம்பினப்புறம் படுத்துக்குவேன்.”

ஒரு பாவமும் அறியாத அந்தச் சூப்பர்வைசரை இரண்டு வருஷமாக இவன் வாயில் வந்தபடி திட்டியிருக்கிறான். ஊரான் படுக்கையையெல்லாம் சுருக்கமில்லாமல் விரிக்கத் தெரிந்தவனுக்கு, சொந்த வீட்டில் ஒரு படுக்கை குறைவது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

அதிகாரியம்மா எழுதினதை அடித்துவிட்டு, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே புதிதாக எழுதினார். “ஏழு பேர். ஆறு பேர் படுக்கத்தான் இடம்.” பேனாவை மூடினார். “கிடைக்கும்னு வாக்குக் குடுக்க முடியாதும்மா. பட்டியல் பெருசு.”

அவர் போனதும் மனைவி மெத்தையைச் சுருட்டக் குனிந்தாள். இவன் தடுத்தான். துவைத்த விரிப்பு ஒன்றை எடுத்து உதறி, நடு மெத்தையில் போட்டு, நாலு மூலையையும் லாட்ஜில் செய்கிற மாதிரி இழுத்துச் செருகினான்.

“படு.”

“பிள்ளைங்க வந்துடுவாங்களே.”

“வரட்டும், நான் பாத்துக்கிறேன்.”

கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்தான். தையல்காரர் எதிர்வாசலிலிருந்து சத்தமாகக் கேட்டார். “என்னப்பா, வீடு கிடைச்சிடுமா?”

“தெரியல அண்ணே. மெதுவா பேசுங்க, அவ தூங்குறா.”