இருபத்தெட்டுப் பூ

பல் டாக்டர் தன் மனைவியின் பல்வரிசையைக் கடல்மீன் தொட்டிக்குள் தவறவிட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. பல்வரிசை என்றால், மேலும் கீழும் சேர்த்து பிளாஸ்டரில் எடுத்த அச்சு. கல்யாணத்துக்கு முன்பு அவள் வெறும் நோயாளியாக வந்து உட்கார்ந்தபோது எடுத்தது. வீட்டின் முன்னறைதான் கிளினிக். தொட்டிக்கு மேலிருந்த அலமாரியைத் தூசி தட்டுகிறேன் பேர்வழி என்று டாக்டர் கையை வீச, அச்சு போய் மணலில் உட்கார்ந்தது. சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டவர் சுத்தமாக மறந்துபோனார். நாற்பதாம் நாள் அதன்மேல் பவளம் முளைத்திருந்தது. ஞானப்பல் நான்கும் முளைக்காத வாய் என்பதால், பல்லுக்கு ஒன்றாக இருபத்தெட்டுப் பூ, இளஞ்சிவப்பு. மேல்வரிசையில் ஒன்று மட்டும், மனைவியின் பல்லைப் போலவே, பக்கத்துப் பூவின்மேல் லேசாக ஏறி நின்றது.

அது என்ன ஜாதி என்று தேடியதில் ஒரு வருஷம் போனது. ஒவ்வொரு பூவிலும் எட்டுக் கை இருந்தால் மென்பவளம், ஆறோ ஆறின் மடங்கோ இருந்தால் கல்பவளம் என்றன புத்தகங்கள். டாக்டர் டார்ச்சடித்து எண்ணினார். ஏழு. மறுநாளும் ஏழு. கடைசியில் தொட்டிக்குக் கடல்மீன் விற்கும் கடைக்காரரை வரவழைத்தார். ஊரே அவரை உப்பு என்றுதான் கூப்பிடும். உப்பு தொட்டி முன்னால் குந்தி, "என்ன தங்கம், சாப்பிட்டியா?" என்றார். பவளம் ஓரங்களைத் தூக்கி, டாக்டரின் மனைவி சிரிப்பதைப் போலவே சிரித்தது. காத்திருந்த நோயாளி ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, தன் முறை எப்போது வரும் என்று கேட்டார்.

"இது என்னதாங்க?" என்றார் டாக்டர்.

"பாப்போம் டாக்டர். வெளிச்சம் மிதமா இருக்கட்டும். பக்கத்துல வேற பவளத்தை வைக்காதீங்க, தேள் மாதிரி கொட்டிடும்."

டாக்டருக்கு வயிறு எரிந்தது. தண்ணீரில் உப்பின் அளவு பார்ப்பவர் அவர், வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீரை அளந்து ஊற்றுபவர் அவர், பொடி இறாலை ஊசிக்குழாயால் ஊட்டுபவரும் அவரே. அவரைக் கண்டால் மட்டும் அது 'ஆ' என்று அகலத் திறந்து விறைத்து நிற்கும். சிரிப்பெல்லாம் உப்புக்கு! பெண்டாட்டி பல்மேல் முளைத்தது அடுத்தவனைப் பார்த்துச் சிரித்தால் ஒரு மனுஷன் என்னதான் நினைப்பான்? உப்பு அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார். அக்கா என்றுவிட்டால் ஆயிற்றா என்று, ஒரு நோயாளியின் நல்ல பல்லைத் தட்டிக்கொண்டே டாக்டர் யோசித்தார்.

இரண்டாம் வருஷம் பவளத்தைப் பாறைக்குப் பின்னால், வெளிச்சம் எட்டாத மூலையில் ஒளித்துவைத்தார். உப்பை இனி வரவேண்டாம் என்று சொல்லியனுப்பினார். மூன்றே வாரத்தில் பவளம் சுண்ணாம்பாய் வெளுத்தது. மனைவியின் சிரிப்பும் நின்றது. கோபமெல்லாம் இல்லை, உதடு இழுபடும், சிரிப்பு வராது. "நீங்க ஊசி போட்ட மாதிரி மரத்துப்போச்சுங்க" என்றாள் கண்ணாடி முன்னால் நின்று. அதைக் கேட்டதும் டாக்டர் செருப்புகூடப் போடாமல் உப்பின் கடைக்கு ஓடினார்.

உப்பு வந்து பார்த்தார். "யார் கண்ணுல படக்கூடாதுன்னு அங்க வெச்சீங்க?"

டாக்டர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டார். பவளத்தை நாளுக்கு ஒரு விரல்கடையாக வெளிச்சத்துக்கு நகர்த்தினார்கள். இருபதாம் நாள் நிறம் திரும்பியது, உப்பைப் பார்த்துச் சிரித்தது. அதே நிமிஷம் அடுக்களையில் மனைவி வெங்காயத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

உப்பு போனதும், தொட்டி முன்னால் வந்து நின்ற மனைவியிடம், சுற்றி வளைத்தே பழகிய டாக்டர் நேராகக் கேட்டார். "உனக்கு அவனைப் பிடிச்சிருக்கா?"

"நல்ல மனுஷன். சாப்பிட்டியான்னு கேக்கறார்" என்றாள் அவள். "நீங்க பக்கத்துல வந்தாலே டார்ச்சைத் தூக்கிட்டு வாயைத் தொறன்னு நிக்கறீங்க. அதுகிட்டயும் அப்படித்தான், என்கிட்டயும் அப்படித்தான். வாயைத் தொறந்து வெச்சுக்கிட்டு எப்படிங்க சிரிக்கறது? எனக்குப் பிடிச்சது உங்களைத்தான். மொதல்ல டார்ச்சைக் கீழ வைங்க."

டாக்டர் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, மனைவியையா பவளத்தையா, யாரைப் பார்த்துச் சொல்வதென்று தெரியாமல் பொதுவாக, "சாப்பிட்டியா?" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தார்கள்.