ரயிலுக்கு நின்ற மினி பஸ்

மாரிச்செல்வி தினமும் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ரயிலேறி இராஜபாளையத்தில் இறங்குவாள். பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனியில் வேலை. ஸ்டேஷனிலிருந்து மார்க்கெட், ஆஸ்பத்திரி வழியாக அங்கே போக ஒரே ஒரு மினி பஸ்தான். ரயில் நிற்பதற்குள் அது நகர ஆரம்பித்துவிடும். பெண்கள் பின்னால் ஓடுவார்கள். ஒருநாள் அப்படி ஓடியதில் அவளோடு வேலை பார்க்கும் முத்துப்பேச்சி விழுந்து கையை முறித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே மாரிச்செல்வி பஸ்காரர் தேவநேசனைத் தேடிப் போனாள். சொந்த வண்டி, ஓட்டுவதும் அவரே.

“செத்த நேரம் நின்னா என்ன அண்ணாச்சி?”

“நின்னா மார்க்கெட்டுல ஏசுதாகளே தாயி. ஆஸ்பத்திரி ஆளுக அம்புட்டுப் பேரும் அங்கதான் ஏறுதாக. நேரமும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல போட்டுக் குடுத்தது. நானா மாத்த முடியாது.”

மறுநாள் அவள் மார்க்கெட் நிறுத்தத்துக்கே போய், பஸ் கொஞ்சம் தாமதித்து வந்தால் என்ன என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் வெள்ளத்தாய் சீறினாள்.

“உங்க ரயிலுக்காக நாங்க லேட்டாப் போயி ஏச்சு வாங்கணுமோ?”

அதில் தப்பில்லை என்று மாரிச்செல்விக்கும் பட்டது. ஆனாலும் விட மனசில்லை. அவர்களோடு பஸ்ஸில் ஏறி, போகும் வழியெல்லாம் யோசித்தாள். மார்க்கெட்டில் கிளம்பி, ஆஸ்பத்திரி ஆட்களை முதலில் இறக்கிவிட்டு, பிறகு ஸ்டேஷனுக்கு வந்தால்? வெள்ளத்தாயின் பக்கம் திரும்பிச் சொன்னாள். வெள்ளத்தாய் விரல் விட்டு நேரத்தைக் கணக்குப் பார்த்தாள்.

“அப்படின்னா நாங்க இன்னும் முன்னாடியே போயிரலாம்லா? ஆபீசுக்கு நானும் வாரேன்.”

தேவநேசனையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அதிகாரி தலையாட்டவில்லை.

“நாளைக்கு ரயில் நேரத்தை மாத்திட்டா?”

“மாத்துனா நாங்களும் மறுபடி வருவோம் சார்,” என்றாள் மாரிச்செல்வி.

அன்று வெறுங்கையோடு திரும்பினார்கள். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த முறை ரயிலில் வரும் பெண்கள் எல்லோரும் வந்து வராண்டாவில் நின்றார்கள். அதிகாரி தேவநேசனை உள்ளே அழைத்து, வழியை மாற்றி ஓட்ட அனுமதி கொடுத்தார்.

முதல் நாளே ரயில் தாமதம். பஸ் போயிருக்கும் என்ற பயத்தோடு மாரிச்செல்வி வெளியே வந்தாள். வாசலில் பஸ் நின்றது, இருக்கைகள் காலியாக. ஏறி, முன்னால் போய் உட்கார்ந்தாள்.

“அண்ணாச்சி, சாயங்காலம் பஸ் வந்து சேர லேட்டாகி அந்த ரயிலையும் பாதி நாள் விட்டுருதோம்.”

தேவநேசன் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார்.

“ஆபீசுக்கு என்னைக்குப் போவோம், சொல்லு.”